போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்: டிஷ் கட்டும் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு ஊர்களில் டிஷ் மாட்டி, டியூன் செய்து, பழுது பார்த்துப் பிழைக்கும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் கட்டுகிறவரோ மாதச் சந்தா டிடிஎச் கட்டுகிறவரோ, யாராக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். நீங்கள் ஏணியை இறக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கோ அந்த டிஷ்ஷைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது, பாக்ஸில் என்ன செட்டிங் போட்டிருக்கிறது, நல்ல வெயிலில் சிக்னல் எவ்வளவு இருந்தது, எதையும் நீங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அடுத்த மழையில் 'நோ சிக்னல்' என்று வந்தால் உங்கள் நம்பரைத் தேடுகிறார்கள். நீங்கள் அப்போது வேறு ஊரில் வேறு மாடியில் இருப்பீர்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். கட்டிய டிஷ்ஷோடு அதைப் பற்றிய விவரத்தையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். பழைய ஆன்டெனா காலத்தில் இந்த விவரம் வீட்டில்தான் இருந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி டிவி ஒளிபரப்புத் தொடங்கியபோது, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோர ஊர்களில் மூங்கில் கழியிலும் இரும்புக் குழாயிலும் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டி அதைப் பிடித்தார்கள். நுவரெலியா பக்கத்து பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து கிளம்பும் சிக்னல், கடலைத் தாண்டி முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். கடல்மேல் காற்று அசையாமல் நின்று, குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று படிந்திருக்கும் நாட்களில் சிக்னல் வளைந்து வெகுதூரம் வரும், படம் பளிச்சென்று இருக்கும். மற்ற நாட்களில் புள்ளி மழைதான். காரணம் தெரியாவிட்டாலும், எந்த மாதம் எந்த நேரம் நன்றாக வரும், ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அந்தக் கரையில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். சிரிக்க ஒரு விஷயம்: தூத்துக்குடியில் அன்று ரூபவாஹினிக்குத் திருப்பிய அதே தென்கிழக்குத் திசைதான், சில டிகிரி வித்தியாசத்தில், இன்று ஃப்ரீ டிஷ்ஷுக்கும்.

அப்போது டிவியே குறையைக் காட்டிக் கொடுத்தது. ஆன்டெனா லேசாகத் திரும்பினால் புள்ளி கூடும். மலையிலோ பெரிய கட்டடத்திலோ பட்டு வந்த சிக்னலும் சேர்ந்துகொண்டால் நிழல்போல இரட்டைப் படம் தெரியும். தெருவில் பைக் போனால் கோடு ஓடும். திரையைப் பார்த்துக்கொண்டே சரிசெய்துவிடலாம். டிஜிட்டலில் அந்த வசதி இல்லை. சிக்னல் தேவையான அளவுக்கு ஒரு நூல் மேலே இருந்தாலும் படம் முழுசாக, குறையே இல்லாமல் வரும். ஒரு நூல் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் கறுப்பு. நடுவில் எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதனால்தான் 'படம் வந்துவிட்டது, வேலை முடிந்தது' என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. சித்திரை வெயிலில் படம் வருவது ஒரு சோதனையே இல்லை. ஐப்பசி அடைமழையில் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பாக்ஸின் மெனுவுக்குள் இருக்கிறது, அதை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

அந்த மெனுவில் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் 90 காட்டினால் எல்லாம் சரி என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி முனையில் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பிக்குக் கரன்ட் போய், அதிலிருந்து ஏதோ இரைச்சல் வந்தாலே ஸ்ட்ரெங்த் ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துச் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அது ஏறும். குவாலிட்டி மட்டும் பொய் சொல்லாது. மேகமில்லாத நாளில் அது எவ்வளவு என்பதை ஒரு மார்க்கரால் பாக்ஸின் அடியில் எழுதிவைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து அதே மாதிரி ஒரு வெயில் நாளில் பார்த்து, பத்து பதினைந்து குறைந்திருந்தால் டிஷ் அசைந்திருக்கிறது அல்லது வயரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார். மழை வருவதற்கு முன்னால் உங்களைக் கூப்பிடுவார். மழைக்கு நடுவில் வழுக்கும் மாடியில் ஏறும் வேலை உங்களுக்கும் மிச்சம்.

கோணத்துக்கு வருகிறேன். டிடி ஃப்ரீ டிஷ் இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்டது, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் சென்னையில் அது சுமார் 134 டிகிரி திசையில், அதாவது சரியான தென்கிழக்கில் இருக்கும். கோயம்புத்தூரில் 123. திருநெல்வேலியில் 118, அதாவது இன்னும் கிழக்கே ஒதுங்கி. தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் உயரம் எல்லா ஊரிலும் 67 முதல் 69 டிகிரிக்குள். சென்னையில் கட்டிப் பழகிய கை நெல்லைக்கு வந்து அதே மாதிரித் திருப்பினால் கிடைக்காது. 16 டிகிரி வித்தியாசம் சின்னதில்லை. எல்என்பியை அதன் பிடிக்குள் திருப்பும் கோணமும் இப்படித்தான். டெல்லியில் வைப்பதற்கும் நெல்லையில் வைப்பதற்கும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். வடநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு எல்என்பியை அதே மாதிரி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உங்களில் கொஞ்சப்பேர் உண்டு, மறுக்காதீர்கள்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வை கிட்டத்தட்ட 2 டிகிரி விலகிவிடும். சன் டைரக்ட் பயன்படுத்தும் 91.5 டிகிரி இடத்துக்கும் ஃப்ரீ டிஷ்ஷின் 93.5க்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். சந்தாவை நிறுத்திவிட்டு ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறும் வீட்டில், மாடியில் நிற்கும் பழைய டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை, கொஞ்சம் திருப்பினாலே பல சமயம் வேலை முடிந்துவிடும். இதைச் சொன்னால் புது டிஷ் விற்காது என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். திருப்பிக் கொடுத்ததற்கு நல்ல கூலி கேளுங்கள், கொடுக்கிறோம்.

ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம் என்றால், கிளாம்ப் போல்ட்டை இறுக்கிய பிறகு குழாயிலும் கிளாம்பிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆடிக் காற்றில் டிஷ் திரும்பினால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். மீட்டரே இல்லாமல், வீட்டுப் பெண்களோ பெரியவர்களோ கீழே நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். காக்கை உட்கார்ந்தது, துணி காயப்போடும் கொடியை அதில் கட்டினார்கள், பந்து பட்டது என்று எத்தனையோ காரணங்கள். கொடி கட்டுவது மட்டும் எங்கள் குற்றம், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, 'எதிர்வீட்டுக்காரன் மாடி எழுப்பிட்டான், மறைக்குது' என்று சொல்கிறீர்களே, அது. பெரும்பாலும் அது மறைப்பதில்லை. 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் நமக்குத் தலைக்குமேல் சாய்ந்த மாதிரி 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டிஷ்ஷைவிட 15 மீட்டர் உயர்ந்த தென்னைகூட, டிஷ்ஷிலிருந்து 6 மீட்டருக்குள் சரியாகச் செயற்கைக்கோளின் திசையில் நின்றால்தான் குறுக்கே வரும். தெருவுக்கு அந்தப் பக்கம் எழும்பும் ஒரு மாடி எப்படி மறைக்கும்? டிஷ்ஷின் முகம் பாதிச் சாய்வில், 45 டிகிரி வாக்கில் நிற்பதால் அது நேரே எதிர்வீட்டைப் பார்க்கிறது என்ற மயக்கம் எல்லாருக்கும் வருகிறது. எல்என்பி கீழே தள்ளி நிற்கும் இந்த வகை டிஷ், முகம் காட்டும் திசையைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தைத்தான் பார்க்கிறது. இது தெரியாமல் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர்களும், காய்க்கிற மரத்தை வெட்டியவர்களும் உண்டு.

மறைக்கிறதா இல்லையா என்று சண்டையில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். நம் பக்கத்தில் மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும். மார்ச்சில் காலை பதினொன்றேகாலை ஒட்டி, செப்டம்பரில் பதினொன்றை ஒட்டி. அப்போது சூரியனின் இரைச்சல் நேராக எல்என்பிக்குள் விழுவதால் சில நிமிஷம் படம் உடையலாம், நின்றும் போகலாம். தொடர்ந்து சில நாட்கள் அதே நேரத்தில் இப்படி நடந்துவிட்டுத் தானாகச் சரியாகிவிடும். அந்த வாரத்தில் 'தினமும் பதினோரு மணிக்கு மட்டும் போகுது' என்று போன் வந்தால், எல்என்பியை மாற்றாதீர்கள், சும்மா இருக்கச் சொல்லுங்கள். அதே பதினோரு மணிக்கு மாடிக்குப் போய், டிஷ்மேல் எந்த மரத்தின் நிழலாவது, சுவரின் நிழலாவது விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழு டிஷ்ஷிலும் வெயில் பட்டால் செயற்கைக்கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நிழல் விழுந்தால், மறைப்பது எது என்று அந்த நிழலே காட்டிக்கொடுத்துவிடும். கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். இதைச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக்கை அந்த வீடு மறக்காது.

மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. கனமழையில் இந்த அலைவரிசைச் சிக்னல் மழைத்துளிகளில் தேய்ந்து போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. சரியாகத் திருப்பிய டிஷ் கொட்டுகிற மழையில் போகும், மழை குறைந்ததும் வந்துவிடும். தூறலுக்கே போனால் திருப்பியதிலோ வயரிலோ கோளாறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் வீட்டுக்காரர் எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று அவரே முடிவெடுப்பார். இடி மின்னல் நேரத்தில் யாரையும் மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் தட்டச் சொல்லாதீர்கள். போனில் 'லேசா ஆட்டிப் பாருங்க சார்' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

'எல்என்பி போச்சு' என்ற தீர்ப்பையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எல்என்பி போவதுண்டு, அதன் முன்மூடி வெயிலில் வெடித்து, உள்ளே தண்ணீர் போய்ச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சாகிறது கனெக்டர். வயர் முனையில் முறுக்கி மாட்டும் மலிவான எஃப் கனெக்டர், அதன்மேல் ரப்பர் மூடிகூட இல்லை, கறுப்பு டேப் மட்டும் ஒரு சுற்று. ஒரு மழைக்காலத்தில் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. வயரின் வெளிச்சுற்று வலைப்பின்னலின் ஒரே ஒரு முடி நடுக் கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகி பாக்ஸ் அணைந்து அணைந்து எரிகிறது. பாதிச் சேனல்கள் வருகின்றன, மற்றவை வரவில்லை என்றால், பாக்ஸ் எல்என்பிக்கு அனுப்பும் 13 வோல்ட், 18 வோல்ட்டில் ஒன்று மேலே போய்ச் சேரவில்லை என்று உங்களுக்கே தெரியும். வயர் நீளமாகி, நடுவில் இரண்டு ஜாயின்ட் போட்டால் அப்படித்தான் ஆகும். வயரைச் சுவரில் இறக்கும்போது கீழே ஒரு வளைவு விட்டு, அப்புறம் ஜன்னலுக்குள் நுழைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பாக்ஸுக்குள் வராது. ஒரு முழம் வயர் அதிகம் ஆகும், அதையும் பில்லில் போடுங்கள்.

இனி உங்களோடு கொஞ்சம் சண்டை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்களை ஏலம் விடுகிறார்கள். புது வருஷக் கணக்கு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால், அந்தத் தேதியை ஒட்டிச் சில சேனல்கள் போய்விடும், சில புதிதாக வரும், இடமும் மாறும். நடுவிலும் மாறுவதுண்டு. டிஷ்ஷுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரிமோட்டை எடுத்து மெனுவில் ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். இதற்கு ஆளை வரவழைத்து, அவர் மாடிக்கு ஏறி ஒரு நட்டை முடுக்குவதுபோல் முடுக்கி, கீழே வந்து ஸ்கேன் போட்டுவிட்டு, 'டிஷ் லேசா அசைஞ்சிருந்துச்சு' என்று சொல்லிக் காசு வாங்குவது எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சேனல் காணாமல் போனால் முதலில் ஸ்கேன், ஸ்கேனில் வராவிட்டால் அந்தச் சேனலே ஃப்ரீ டிஷ்ஷை விட்டுப் போயிருக்கலாம், மற்ற சேனல்கள் ஓடுகிறவரை டிஷ்ஷைத் தொடவேண்டாம் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவையுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2 பாக்ஸில், புது முறையான எம்பெக்-4 சேனல்கள் வராது என்பதையும் பாக்ஸ் விற்கும்போதே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வருகிற சேனல் தன் வீட்டில் வரவில்லை என்று ஒரு பாட்டி வருஷக்கணக்காக டிஷ்ஷைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்ச் சேனல்கள் குறைவு, இந்திதான் நிறைய. அதனால் நம் ஊரில் இதை வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள் அல்லது வேண்டாம் என்று விட்டவர்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள், தோட்டத்து வீட்டுக் காவல்காரர்கள், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வெளிமாநிலத்துக்காரர்கள். ஒரு முறை பாக்ஸ், டிஷ், கூலி என்று கொடுத்துவிட்டால் அப்புறம் செலவில்லை என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். வருஷத்துக்கு நாலு முறை ஆள் வந்து காசு வாங்கிப்போனால் அதுவும் ஒரு சந்தா மாதிரிதான்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியாமல் இல்லை. ஓட்டுக்கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலும் கால் வைத்து ஏறுகிறீர்கள். மாடியை ஒட்டியே மின்கம்பி போகும் தெருக்களில் இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்துகிறீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்று திருப்பினதற்குப் பேசிய கூலியைக் கொடுக்காமல் 'ஸ்கேன்தானே போட்டே' என்று பேரம் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லாரும் மொபைலில் பார்க்கிறார்கள், புது டிஷ் கட்டுகிறவர்கள் குறைவு, பழையதை ரிப்பேர் பண்ணித்தான் வண்டி ஓடுகிறது, அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன சாப்பிடுவது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. என் பதில் இது: வந்து போகிற கூலியைத் தனியாக, வெளிப்படையாக வையுங்கள். ஸ்கேன் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் கூலி, ஒன்றும் பழுதில்லை என்று சொன்னாலும் அந்தக் கூலி. போனிலேயே சொல்லித் தீர்த்தால் அதற்கு ஒரு சின்னத் தொகை. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி வாங்குவதைவிட இது உங்களுக்கும் மரியாதை. வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன், அவர் ஏணியில் ஏறவில்லை என்பதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள்.

சரி, என்னதான் எழுதிவிட்டுப் போக வேண்டும்? பாக்ஸின் அடியிலோ டிவிக்குப் பின்சுவரிலோ ஒரு மார்க்கரால்: எந்தச் செயற்கைக்கோள், எத்தனை டிகிரி கிழக்கு. எல்என்பி செட்டிங் என்ன, 'யுனிவர்சல்' என்றால் அதையே எழுதுங்கள், ஏனென்றால் வீட்டுப் பிள்ளைகள் ஃபேக்டரி ரீசெட் அழுத்திவிட்டால் முதலில் தொலைவது அதுதான். வெயில் நாளின் குவாலிட்டி, எழுதிய தேதி. கீழே உங்கள் பெயரும் நம்பரும். உங்களுக்கு வேண்டிய விளம்பரமும் அதிலேயே வந்துவிடுகிறது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடானால், ஸ்கேன் போடும் பொத்தான்களை ரிமோட்டில் ஒருமுறை அவர்கள் கையாலேயே அழுத்த வைத்துவிட்டு வாருங்கள். நீங்கள் அழுத்திக் காட்டினால் மறந்துபோகும்.

புரட்டாசி இரண்டாம் வாரம் வருகிறது. நிழல் பார்க்க வசதியான சமயம், வடகிழக்குப் பருவமழைக்கும் சில வாரம் அவகாசம் இருக்கிறது. உங்கள் போனில் பழைய வாடிக்கையாளர்கள் நம்பர் இருக்கும். 'காலை பதினோரு மணிக்கு மாடிக்குப் போய் டிஷ்மேல் நிழல் விழுதான்னு பாருங்க, குவாலிட்டி எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிடுங்கள். குறைவாகச் சொல்கிற வீடுகளுக்கு மட்டும் மழைக்கு முன்னால் ஒருநாள் போய் போல்ட்டையும் கனெக்டரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கூலி தயாராக இருக்கும்.

அன்புடன்,
மொட்டை மாடியில் டிஷ் வைத்திருக்கும் ஒருவன்